சரண்யாவுக்குக் கிடைத்தது பாதி விருது: ஆச்சியைச் சீண்டுகிறவர்களுக்கு

பள்ளத்தூர்க்காரன் | இரவு 9:12

நேற்று ‘அம்மா வேடத்துக்கு யார்’ இழையில் தேனி_ராசா என்கிற அன்பர் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன், ஒரு புள்ளிகூட மாற்றவில்லை:

“மனோரமா நல்ல காமெடி நடிகை, அவ்வளவுதான். குணச்சித்திரம் என்றால் சரண்யா பொன்வண்ணன். ஆச்சிக்கு டெல்லியில் கொடுத்தது துணை நடிகை விருது. சரண்யாவுக்குக் கொடுத்தது சிறந்த நடிகை விருது. கணக்கு முடிந்தது.”

முடிந்துவிட்டதாம்! தம்பி, கணக்கு இப்போதுதான் ஆரம்பம். 2010ஆம் வருடத்துக்கான சிறந்த நடிகை தேசிய விருதைச் சரண்யா தனியாக வாங்கவில்லை. ‘தென்மேற்கு பருவக்காற்று’க்காக அவருக்கும், ‘பாபூ பேண்ட் பாஜா’ என்ற மராத்திப் படத்துக்காக மிதாலி ஜக்தாப் என்பவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பகிர்ந்த விருது. ஆச்சி ‘புதிய பாதை’க்கு வாங்கியது முழு விருது, யாரோடும் பங்கு இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மனையைத் தனிப் பட்டா என்று சொல்லுவீர்களா?

மன்னார்குடியில் பிறந்து, எங்கள் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் அடிபட்டு மிதிபட்டு, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் சினிமாவுக்கு வந்து, ஆயிரம் படம் தாண்டிக் கின்னஸில் பெயர் வாங்கியவரை ‘அவ்வளவுதான்’ என்று எழுத உமக்குக் கை கூசவில்லையா?

தேனி_ராசா | இரவு 9:40

ஐயாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதற்கு வருந்துகிறேன். ரசம் சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

பகிர்ந்தால் பாதியா? பதக்கத்தை நடுவில் அறுத்தா கொடுத்தார்கள்? அதே வருடம் சிறந்த நடிகர் விருதையும் இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார்கள். ‘ஆடுகளம்’ தனுஷுக்கும், மலையாளத்தில் சலீம் குமாருக்கும். அப்படியென்றால் தனுஷ் பாதி நடிகரா? போய் அவர் ரசிகர்களிடம் இதைச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள் பார்ப்போம்.

நான் சொன்னது ஒன்றுதான். ஒருவர் வாங்கியது சிறந்த நடிகை. இன்னொருவர் வாங்கியது சிறந்த துணை நடிகை. இதில் எந்த வார்த்தை உங்களுக்குப் புரியவில்லை?

படத்தைப் பார்த்தீர்களா, இல்லை விருதுப் பட்டியலை மட்டும் பார்த்தீர்களா? அம்மா வீராயியாக வரும் சரண்யா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டில் நடக்கிற நடையைப் பாருங்கள். என் சித்தி அப்படித்தான் நடப்பார். ஆலப்புழையில் பிறந்த ஒருத்தருக்கு எங்கள் ஊர்க் கரிசனமும் கோபமும் எங்கிருந்து வந்தது? மகனாக நடித்த விஜய் சேதுபதி 1978இல் பிறந்தவர். சரண்யா 1970. எட்டு வருட வித்தியாசத்தில் அம்மா! திரையில் ஒரு நொடியாவது உறுத்தியதா?

வியாசர்பாடி_வேலு | இரவு 9:51

ரெண்டு பேரும் வெளியூர். நடுவில் நம்ம ஊர்க்காரன் நான் ஒருத்தன் இருக்கிறேன் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்தியாரே வூட்டாண்ட’ என்று ஆச்சி சொந்தக் குரலில் பாடினார். எங்கள் மெட்ராஸ் பேச்சை மற்ற எல்லோரும் கிண்டலுக்கு வைத்திருந்த காலம். அந்தம்மா வாயில் அது ஒட்டி வந்தது. செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர் என்று சத்தியம் பண்ணினாலும் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். என் ஓட்டு ஆச்சிக்கு. விருது எத்தனை, முழுசா பாதியா என்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 10:05

நன்றி வேலு. ஆனால் ‘முழுசா பாதியா வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ராசா, தனுஷ் விஷயம் எனக்கு அனாவசியம். நான் நடிகைகளைப் பற்றிப் பேசுகிறேன். ‘துணை’ என்று எகத்தாளமாக எழுதினீர்களே, ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணி எவ்வளவு நேரம் வருகிறார்? சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஆளை விழுங்குகிற கூட்டம். அதற்கு நடுவில் பாவாடை தாவணியும் வாயுமாக அந்தம்மா வந்து நின்றால் கண் வேறு எங்கே போகிறது? சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, சிவாஜியின் சண்முகசுந்தரத்திடம் பேசும்போது முகத்தில் ஒரு சின்ன ஏக்கத்தை மட்டும் காட்டிவிட்டு உடனே பழையபடி வாயாடியாகிவிடுவார். அது காமெடியா? அதைக் காமெடி என்று சொல்கிறவருக்குக் கண் டாக்டர் விலாசம் தருகிறேன்.

‘நடிகன்’ படத்தில் கல்யாணமாகாத பேபி அம்மாவாக வந்து காதலில் குழைந்தாரே, அதே காலத்தில்தான் ‘சின்னத்தம்பி’யில் பிரபுவின் அம்மாவாக ஊரையே அழ வைத்தார். ‘சின்ன கவுண்டர்’ படத்தில் வைத்துக்கொண்ட எடுப்புப் பல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரண்யா எல்லாப் படத்திலும் ஒரே அம்மா. வெகுளி அம்மா, திட்டுகிற அம்மா, திட்டிவிட்டுச் சோறு போடுகிற அம்மா. ‘வேலையில்லா பட்டதாரி’யில் பாதிப் படத்தோடு செத்தும் போகிறார். அங்கேயும் பாதிதான்!

பழையபேப்பர் | இரவு 10:22

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. தேசிய விருதில் துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவே 1984ஆம் வருடப் படங்களில் இருந்துதான் தொடங்கியது. முதலில் வாங்கியவர் ரோகிணி ஹட்டங்கடி, ‘பார்ட்டி’ என்ற இந்திப் படத்துக்கு. சிறந்த நடிகை என்ற பிரிவே 1967இல்தான் வந்தது, முதலில் நர்கீஸ் வாங்கினார். ஆகவே 1968இல் ஜில் ஜில் ரமாமணிக்கு டெல்லி கொடுக்க நினைத்திருந்தாலும், கொடுக்க அங்கே ஒரு பெட்டி இல்லை.

அப்படிப் பார்த்தால் கண்ணாம்பா? 1942இல் ‘கண்ணகி’யில் கதாநாயகி. 1954இல் ‘மனோகரா’வில் சிவாஜியின் அம்மா. சங்கிலியோடு நிற்கிற மகனைப் பார்த்துப் ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்று அவர் சொன்னபோது கொட்டகை அதிர்ந்தது என்று என் அப்பா சொல்லுவார். தாய்மொழி தெலுங்கு. 1964இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு எந்த விருது, முழுசா பாதியா? விருதை வைத்து அளப்பதே அடிப்படையில் தவறு.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 10:30

வந்துவிட்டார் ஐயா. எந்த இழையில் நான் வாய் திறந்தாலும் பின்னாலேயே பழைய பேப்பர் மூட்டையோடு வந்து நிற்பது இவருக்கு வழக்கமாகிவிட்டது. சந்திரபாபு இழையில் அத்தனை பேர் முன்னால் என்னை வருடம் தெரியாதவன் என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

நீங்கள் சொல்வது எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். 1984க்கு முன்னால் பிரிவு இல்லையென்றால் ஆச்சிக்கு வந்திருக்க வேண்டியது இன்னும் எத்தனையோ விருது என்றுதானே அர்த்தம்? வந்த ஒன்றும் முழுசு. சரண்யாவுக்கு வந்த ஒன்றும் பகிர்ந்தது. நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி.

பழையபேப்பர் | இரவு 10:34

நான் யார் கட்சியும் இல்லை. சந்திரபாபு இழையில் நீங்கள் சொன்ன வருடம் தவறு. இன்றும் தவறு. நாளைக்கும் தவறாகவே இருக்கும்.

சாந்தோம்_ஷீலா | இரவு 10:58

ஆம்பிளைகள் எல்லாம் விருதை எடைபோட்டு முடித்துவிட்டீர்களா? நான் ஒன்று கேட்கிறேன். ராசா சார் எட்டு வருட வித்தியாசத்தில் அம்மாவாக நடித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஸ்ரீவித்யா 1953இல் பிறந்தவர். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தபோது வயது 22. அதில் வளர்ந்த பெண்ணுக்குத் தாய், அந்தத் தாயைக் காதலிக்கிற பையன் கமல். பதினாலு வருடம் கழித்து ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் அதே கமலுக்கு அம்மா. இரண்டு பேருக்கும் வித்தியாசம் ஒன்றேகால் வருடம்! 1991இல் ‘தளபதி’யில் ரஜினிக்கு அம்மா. ரஜினி 1950, இவரைவிடப் பெரியவர். சுஜாதா ‘அவர்கள்’ படத்தில் ரஜினிக்கு மனைவி, ‘பாபா’வில் அம்மா. வடிவுக்கரசி முப்பதைத் தொடாத வயதில் ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்குப் பெண்டாட்டி. ‘அருணாச்சல’த்தில் தன்னைவிட மூத்த ரஜினிக்குப் பாட்டி, முதுகு வளைந்து, முகத்தையே மாற்றிக்கொண்டு. ரஜினி மட்டும் அப்படியே ரம்பாவோடும் சௌந்தர்யாவோடும் டூயட்.

‘தளபதி’யில் கோயிலில் நிற்கும்போது ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும். ஸ்ரீவித்யா திரும்பிப் பார்ப்பார். வசனம் கிடையாது. கூட்ஸ் வண்டியில் விட்டுவிட்டு வந்த குழந்தை அந்தக் கண்ணில் வந்து போகும். முப்பத்தெட்டு வயதுக்காரி அது. அந்த வயதில் நடிகர்களுக்குக் கல்லூரி மாணவன் வேடம் கொடுக்கிறார்கள். இதைப் பேசாமல் பாதி முழுசு என்று என்ன பேச்சு?

தேனி_ராசா | இரவு 11:06

மேடம், நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்கு நான் என்ன செய்ய? சினிமா அப்படி. எட்டு வருட வித்தியாசத்தை மறக்கடித்தார் என்று திறமையைத்தான் சொன்னேன். சரண்யாவே ‘நாயகன்’ படத்தில் கமலுக்கு ஜோடியாகத்தான் வந்தார். கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், சீக்கிரம் விடுவீர்களா என்று கேட்கிற அந்தப் பெண் முகம் யாருக்கு மறக்கும்? அவர்தான் பிறகு வீராயி. அப்படிப்பட்டவரைப் போய் ஒரே அம்மா என்கிறார் பள்ளத்தூரார்.

சிறந்த நடிகை விருது வாங்கியவர். ஞாபகப்படுத்துகிறேன்.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 11:11

பகிர்ந்து வாங்கியவர். நானும் ஞாபகப்படுத்துகிறேன்.

ஷீலா அம்மா, நீங்கள் எழுதியது வேறு இழைக்கு உரிய விஷயம், மன்னிக்க வேண்டும். ஆனாலும் பதில் சொல்கிறேன். அந்தக் காலத்திலேயே இது உண்டு. பண்டரிபாய் ‘பராசக்தி’யில் சிவாஜிக்குக் கதாநாயகி. ‘தெய்வ மக’னில் அப்பா சிவாஜிக்குப் பெண்டாட்டியும் அவரே, இரண்டு மகன் சிவாஜிக்கும் அம்மாவும் அவரே! ‘கர்ண’னில் குந்தியாக வந்த எம்.வி.ராஜம்மா ஒரு காலத்தில் பி.யூ.சின்னப்பாவுக்கு ஜோடி. யாராவது குறை சொன்னார்களா? ‘மன்னன்’ படத்தில் ரஜினி பண்டரிபாயைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றுவாரே, இன்றைக்கும் வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் டிவியை யாரும் மாற்ற மாட்டார்கள். ஆச்சியும் முப்பது வயதிலேயே கிழவி வேடம் போட்டவர். அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டது இல்லை.

சாந்தோம்_ஷீலா | இரவு 11:15

குறைப்பட்டுக்கொண்டால் மறுநாள் யார் கூப்பிடுவார்கள்? ஊர்வசி இப்போது ‘உள்ளொழுக்கு’க்குத் துணை நடிகை விருது வாங்கியபோது, படத்தில் முக்கியப் பாத்திரமே நான்தான், எதை வைத்துத் துணை என்று பிரித்தீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். உடனே அவருக்கு எத்தனை பேர் அறிவுரை சொல்லக் கிளம்பினார்கள்? ஒரு பெண் கேள்வி கேட்டால் அது வேறு இழைக்கு உரிய விஷயம். நல்லது.

சாலிகிராமம்_அசோசியேட் | இரவு 11:32

தூங்கப் போகலாம் என்று இருந்தேன், விட மாட்டீர்கள் போல. சீரியலில் பல வருடம் அசோசியேட் டைரக்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் பேசுவது பெரிய திரையில் முகம் பதிந்தவர்களைப் பற்றி. சின்னத்திரையில் அத்தையாகவும் மாமியாராகவும் பெரியம்மாவாகவும் வருகிறவர்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

காலையில் வளசரவாக்கம் பக்கம் வாடகை பங்களாவில் போய் உட்கார்ந்தால் இரவு 9 மணி வரை. பேசிய சம்பளம் நாள் கணக்கு. கதையில் மாமியார் ஊருக்குப் போய்விட்டாள் என்று எழுதிவிட்டால் அந்த மாதம் கால்ஷீட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. புடவை அவர்களுடையது. பணக்கார மாமியார் என்றால் பட்டுப்புடவையாக ஒரு பெட்டி நிறையச் சுமந்து வர வேண்டும். அயர்ன் பண்ணக் கொடுத்த ரவிக்கை வராமல், கன்டினியூட்டி உதைக்கிறது, முந்தின காட்சியோடு உடை பொருந்தவில்லை என்று அந்த அம்மாவையே எல்லோர் முன்னாலும் திட்டிய கம்பெனி உண்டு. பெயர் வேண்டாம்.

வசனத்தை மனப்பாடம் பண்ண நேரம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்று நாங்கள் ப்ராம்ப்டிங் சொல்லுவோம், அவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே அழ வேண்டும். அப்புறம் ரியாக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. மருமகள் அன்றைக்கு செட்டிலேயே இருக்க மாட்டாள். சுவரைக் காட்டி, ‘அம்மா, இங்கே பார்த்து முறைங்க, இப்ப அதிர்ச்சி, இப்ப லேசா ஒரு சிரிப்பு’ என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் எந்தக் காட்சிக்கு வேண்டுமோ அங்கே ஒட்டுவார்கள். சுவரைப் பார்த்து அத்தனை முகம் காட்டுவது சாதாரண வேலையா? ‘மெட்டி ஒலி’ 2002இல் தொடங்கி மூன்று வருடம் ஓடியது. அதில் மாமியாராக வந்த சாந்தி வில்லியம்ஸை ஊரே திட்டித் தீர்த்தது. ‘தெய்வமகள்’ அண்ணியாரை இன்னும் திட்டுகிறார்கள். அவர்களுக்கு எந்த டெல்லி விருது?

பள்ளத்தூர்க்காரன் | இரவு 11:41

தம்பி அசோசியேட், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் சீரியலையும் சினிமாவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒரு கதவைத் திறந்தால் மூன்று தடவை காட்டி, மூன்று தடவை இடி இடிக்க வைக்கிற இடத்தில் நடிப்புக்கு என்ன வேலை? அந்த அம்மாக்கள் திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. நடிப்பைக் காட்ட நீங்கள் விட்டால்தானே? பாதிப் பேருக்குக் குரலும் சொந்தக் குரல் இல்லை.

சாலிகிராமம்_அசோசியேட் | இரவு 11:47

மூன்று தடவை காட்டுவது எடிட்டர். இடி இடிப்பது மியூசிக். இரண்டுக்கும் நடுவில் நின்று கண்ணீர் விடுவது அந்த அம்மா. கிளிசரின் போட்டால் எல்லோருக்கும் கண்ணீர் வரும், முகம் வராது. நீங்கள் மதிக்கிற வடிவுக்கரசிதான் ‘திருமதி செல்வ’த்திலும் வந்தார், அங்கே மட்டும் நடிப்பு போய்விட்டதா? பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு டப்பிங் குரல் என்றால் உங்களுக்கு இளக்காரம். பெரிய திரையில் எத்தனை கதாநாயகிகள் சொந்தக் குரலில் பேசினார்கள்? அதற்கு மட்டும் பேச்சே இல்லை.

வியாசர்பாடி_வேலு | இரவு 11:50

அண்ணே அசோசியேட், ஒரு சந்தேகம். அண்ணியார் நேரில் நல்லவங்கதானே?

தேனி_ராசா | இரவு 11:55

வேலு, இங்கே யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

பள்ளத்தூரார் இரண்டு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒன்று, தனுஷ் பாதியா? இரண்டு, 2022க்கு ‘திருச்சிற்றம்பலம்’ படத்துக்காக நித்யா மேனன் வாங்கியதும் மானசி பரேக்கோடு பகிர்ந்ததுதான். அவரும் பாதியா? உங்கள் கணக்குப்படி தமிழ்நாட்டில் எல்லோருமே பாதி. ஆச்சி ஒருத்தர்தான் முழுசு.

‘பாதிப் படத்தோடு செத்துப்போகிறார்’ என்று ஒரு நையாண்டி வேறு. ‘16 வயதினிலே’யில் காந்திமதி நடித்த குருவம்மாளும் படம் முடியும் வரை இருக்கவில்லை. காந்திமதியையும் பாதி என்பீர்களா? சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். அவர் ஊரான மானாமதுரைக்காரர்களும் இந்த இழையைப் படிக்கிறார்கள்.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 12:09

காந்திமதியை நடுவில் இழுக்காதீர்கள். குருவம்மாள் வாயைத் திறந்து மயிலைத் திட்டுகிற திட்டில் எத்தனை பாசம் இருந்தது என்று எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம். ‘மண்வாசனை’ கிழவியையும் ‘கரகாட்டக்காரன்’ அம்மாவையும் பார்த்து வளர்ந்தவன் நான். உங்கள் சரண்யாவின் கிராமத்து அம்மாவுக்கு ஆதிமூலமே காந்திமதிதான். அவருக்கு டெல்லி ஒரு விருதும் கொடுக்கவில்லை. 2011இல் போய்விட்டார். அதே 2011இல்தான் சரண்யாவுக்கு விருது அறிவித்தார்கள், அதுவும் பகிர்ந்து. இதை யோசித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காந்திமதிக்குக் கொடுக்காத விருதின் பாதியை வைத்துக்கொண்டு ஆச்சியை அளக்க வருகிறார்கள்.

நித்யா மேனன் கதாநாயகி. இந்த இழைக்குச் சம்பந்தமில்லை.

பழையபேப்பர் | இரவு 12:14

சம்பந்தமில்லாததில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிற அதே 58ஆவது தேசிய விருதில், சிறந்த துணை நடிகை யார் தெரியுமா? சுகுமாரி. ‘நம்ம கிராமம்’ என்ற தமிழ்ப் படத்துக்கு. ஒருத்தர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. நாகர்கோவிலில் பிறந்தவர், லலிதா பத்மினி ராகினிக்கு உறவு, இயக்குநர் பீம்சிங்கின் மனைவி, வாழ்ந்ததும் இறந்ததும் சென்னையில். 2013இல், பூஜை விளக்கில் பட்ட தீக்காயத்தால். பத்மஸ்ரீ ஆச்சிக்கு 2002, சுகுமாரிக்கு 2003.

தேனி_ராசா | இரவு 12:18

சுகுமாரி மலையாள நடிகை.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 12:19

இதில் மட்டும் ராசாவோடு ஒத்துப்போகிறேன். சுகுமாரி மலையாளக் கணக்கு.

பழையபேப்பர் | இரவு 12:25

அடேயப்பா, முழுசும் பாதியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்! ஆலப்புழையில் பிறந்த சரண்யா தமிழ், நாகர்கோவிலில் பிறந்த சுகுமாரி மலையாளம். இதற்கு எந்த ஊர் வரைபடம் வைத்திருக்கிறீர்கள்?

நெறியாளர் | இரவு 12:31

அன்பர்களே, தனிநபர் தாக்குதல் வேண்டாம். பாதி, முழுசு, பகிர்வு பற்றி இனி ஒரு பதிவும் வந்தால் நீக்கப்படும். குணச்சித்திர நடிகைகளின் பங்களிப்பைப் பற்றி மட்டும் எழுதவும்.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 12:44

நெறியாளர் சொன்னதற்குக் கட்டுப்படுகிறேன். பாதி என்ற சொல்லை எழுத மாட்டேன். தனியாக வாங்காத விருது என்று எழுதுகிறேன்.

பங்களிப்பைப் பற்றித்தானே? சொல்கிறேன். எஸ்.என்.லட்சுமியை இங்கே யாருக்காவது தெரியுமா? ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கிடைத்ததையெல்லாம் சுருட்டுகிற பாட்டி. ‘சர்வர் சுந்தர’த்தில் நாகேஷுக்கு அம்மா. 1964இல் அம்மா, 1990இல் பாட்டி. ‘பாக்தாத் திருடன்’ படத்தில் சிறுத்தையோடு சண்டை போட்டவர்! இந்த ஊரில் இப்படி நூறு பேர் இருந்தார்கள். வடபழனி, சாலிகிராமம் தெருக்களில் பை தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் எல்லோருக்கும் தலைமை ஆச்சி. கதாநாயகியாகவும் நடித்தார், ‘கொஞ்சும் குமரி’யில். அதிலேயே நின்றிருந்தால் பத்துப் படத்தோடு போயிருப்பார். அண்ணா, கலைஞரோடு நாடக மேடை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோடு சினிமா. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் உலகத்தில் வேறு யார்? இதையெல்லாம் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, தனியாக வாங்காத ஒரு விருதை நீட்டினால் நான் சும்மா இருக்க வேண்டுமா?

சாந்தோம்_ஷீலா | இரவு 12:52

1931இல் பிறந்த சௌகார் ஜானகிக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தொண்ணூறு வயதில். ‘தில்லு முல்லு’ ஒன்றுக்கே கொடுத்திருக்கலாம். நடுவில் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஆனால் இதுவும் வேறு இழைக்கு உரிய விஷயமாகத்தான் இருக்கும். குட் நைட்.

தேனி_ராசா | இரவு 12:58

ஐந்து முதலமைச்சர் கதை வந்துவிட்டது, பள்ளத்தூராரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோவை சரளா ‘சதி லீலாவதி’யில் கமலுக்கே ஜோடி. பிறகு ‘செம்பி’யில் மலைக்காட்டுக் கிழவியாக அழ வைத்தார். காமெடியில் இருந்து வந்தவர்தான், நான் மதிக்கிறேன். ஆகவே எனக்குக் காமெடி நடிகைகள்மேல் விரோதம் இல்லை. சிறந்த நடிகை விருது சிறந்த நடிகை விருதுதான் என்று மட்டும் சொல்லிக்கொண்டு...

பள்ளத்தூர்க்காரன் | இரவு 12:59

நெறியாளர் கவனத்துக்கு. விருதைப் பற்றி அவர்தான் ஆரம்பித்தார். நேற்றும் அவர், இன்றும் அவர். நான் பதில் மட்டும் சொல்கிறேன்: தனியாக வாங்கவில்லை, வாங்கவில்லை, வாங்கவில்லை.

பழையபேப்பர் | இரவு 1:03

மூன்று தடவை. சீரியலைக் கேலி செய்தவர்.

பள்ளத்தூர்க்காரன் | இரவு 1:05

உம்மோடு எனக்குப் பேச்சு இல்லை என்று சந்திரபாபு இழையிலேயே சொல்லிவிட்டேன்.

பழையபேப்பர் | இரவு 1:06

அங்கே நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது, ஐயா.

வியாசர்பாடி_வேலு | இரவு 1:10

அந்த இழை இன்னும் பூட்டவில்லை அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். நான் அங்கே போகிறேன், வருகிறவர்கள் வாங்க. அசோசியேட் அண்ணே, அண்ணியார் விஷயம் சொல்லாமலே தூங்கிட்டீங்களா?